நாம் ஏன் நம்புகிறோம்?

ஒருவனை நோக்கி, "நீ எதை நம்புகிறாய்?" என்று கேட்டால் அவன் தயங்காமல் விடை கூறுவான். "அதை ஏன் நம்புகிறாய்?" என்று கேட்டாலும் ஏதோ ஒரு விடை வந்துவிடும். "எது தெரியவந்தால் அந்த நம்பிக்கையை நீ விட்டுவிடுவாய்?" என்று மூன்றாவதாக ஒரு வினாவைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை கிடைக்காது. சிலர் சினங்கொள்வதும் உண்டு. இன்று நான் உங்களோடு பேச விரும்புவது இந்த மூன்றாவது வினாவைப் பற்றித்தான்.

நம்முடைய நம்பிக்கைகளில் பலவற்றை நாம் ஆராய்ந்து பெறவில்லை. தாய்மொழியைப் போலவே அவையும் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் நம்மை வந்து அடைந்தன. இதில் இழிவு ஒன்றுமில்லை. ஒவ்வொன்றையும் தாமே சோதித்துப் பார்த்த பின்னரே நம்ப வேண்டும் என்றால் எவருக்கும் வாழ்நாள் போதாது. பூமி கதிரவனைச் சுற்றி வருகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அளந்து கண்டோம்? அறிந்தோர் சொல்லை ஏற்றுத்தான் கல்வியே நடைபெறுகிறது. ஆயினும், நம்முடைய நம்பிக்கை மற்றொரு மனிதனின் மானத்தையோ உயிரையோ தொடும்போது, "எல்லாரும் சொல்கிறார்கள்", "எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது" என்பவை போதிய காரணங்கள் ஆகமாட்டா. தேர்தல் காலத்தில் ஊர் இரண்டுபடுவதையும், கைப்பேசியில் நொடிக்கொரு செய்தி வந்து விழுவதையும் நாள்தோறும் காணும் உங்களுக்கு இதை விரிக்க வேண்டியதில்லை.

இதனை விளக்குவதற்குப் பிரான்சு நாட்டு வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டுக் கட்சிகளைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் உங்களுள் ஒருவர் மகிழ்வார். மற்றொருவர் முகம் சுளிப்பார். பிறகு நான் சொல்வது இருவர் காதிலும் ஏறாது. நூறாண்டுகளுக்கு முன் அயல்நாட்டில் நிகழ்ந்ததை நாம் அனைவரும் பதற்றமின்றிப் பார்க்கலாம் அல்லவா?

1870-71-ஆம் ஆண்டுப் போரில் பிரான்சு ஜெர்மானியரிடம் தோற்றது. அல்சேஸ் மாநிலத்தையும், லொரேன் மாநிலத்தின் ஒரு பகுதியையும் இழந்தது. அந்தத் தோல்வி பிரெஞ்சு மக்கள் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. தங்கள் படையை அவர்கள் கோயிலைப் போல் போற்றினார்கள். எங்கும் ஜெர்மானிய ஒற்றர்கள் இருப்பதாக ஐயுற்றார்கள். அதே காலத்தில் யூதர்மீது வெறுப்பை வளர்க்கும் ஏடுகளும் தோன்றின. எதுவார் திரூமோன் என்பவர் நடத்திய 'லா லிபர் பரோல்' என்னும் நாளிதழ் அவற்றுள் பெயர் பெற்றது. யூத அதிகாரிகள் படையில் இருப்பதே நாட்டுக்குக் கேடு என்று அவ்விதழ் எழுதிவந்தது.

இந்நிலையில், 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பாரிசிலிருந்த ஜெர்மானியத் தூதரகத்தின் குப்பைக் கூடையிலிருந்து கிழிந்த தாள் ஒன்று பிரெஞ்சுப் படையின் ஒற்றுப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. அங்குத் துப்புரவு வேலை செய்த ஒரு பெண், பிரெஞ்சுக்காரருக்காக அக்குப்பையைச் சேகரித்துத் தந்துகொண்டிருந்தாள். அந்தத் தாளில் கையெழுத்து இல்லை. பீரங்கிப் படை முதலியவற்றைப் பற்றிய மறைச் செய்திகளை அனுப்புவதாக யாரோ ஒருவர் ஜெர்மானிய அதிகாரிக்கு எழுதிய குறிப்பு அது. படையில் ஒரு துரோகி இருக்கிறான் என்பது உறுதியாயிற்று. அவன் யார்?

தலைமையகத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த கேப்டன் ஆல்பிரெட் டிரைபஸ் என்பவர்மேல் ஐயம் விழுந்தது. அவர் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர், இழந்துபோன அல்சேசில் பிறந்தவர், யூதர். அவருடைய எழுத்தும் அக்குறிப்பின் எழுத்தும் ஓரளவு ஒத்திருந்தன. அக்டோபர் 15-ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். செய்தி வெளிவந்தவுடன், விசாரணை தொடங்குமுன்பே, 'லா லிபர் பரோல்' அவரைத் துரோகி என்று முழங்கியது.

இனி, அவருக்கு எதிராகச் சான்றுகள் எவ்வாறு திரட்டப்பட்டன என்பதைக் கூர்ந்து நோக்குங்கள்; நம் பாடம் இங்கேதான் இருக்கிறது. அவருடைய வீட்டைச் சோதனையிட்டார்கள். ஒன்றும் அகப்படவில்லை. குற்றமற்றவன் வீட்டில் ஒன்றும் அகப்படாது என்று அவர்கள் எண்ணவில்லை. "எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒழித்துவிட்டான்" என்று எண்ணினார்கள். அவர் பல மொழிகள் அறிந்தவர். நல்ல நினைவாற்றல் உடையவர். இத்தகையவன் ஒற்று வேலைக்கு மிகவும் ஏற்றவன் என்று குற்றச்சாட்டு அறிக்கை எழுதியவர் கருதினார்.

எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க அல்போன்சு பெர்த்தியோன் என்பவரை அழைத்தார்கள். குற்றவாளிகளை உடலளவுகளால் அடையாளம் காணும் முறையை வகுத்துப் புகழ்பெற்ற அறிஞர் அவர். கையெழுத்துக் கலையில் அவருக்குத் தேர்ச்சி இல்லை. அவர் என்ன கூறினார் தெரியுமா? ஒத்திருக்கும் எழுத்துகள் டிரைபஸ் எழுதினார் என்பதைக் காட்டுகின்றன. வேறுபட்டிருக்கும் எழுத்துகள், அகப்பட்டுக்கொண்டால் தப்பிப்பதற்காக அவர் தம்முடைய எழுத்தைத் தாமே போலி செய்தார் என்பதைக் காட்டுகின்றன! ஒத்திருந்தாலும் குற்றவாளி, ஒவ்வாவிட்டாலும் குற்றவாளி என்றால், அந்த மனிதர் குற்றமற்றவராக இருந்தால் அவருடைய எழுத்து எப்படித்தான் இருந்திருக்க வேண்டும்? இவ்வினாவைப் பெர்த்தியோன் தமக்குள் கேட்டுக்கொள்ளவில்லை.

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது நம் பழமொழி. அவனுடைய கண் பொய் சொல்வதாக அவனுக்குத் தெரியாது. அறிவுக் குறைவினால்தான் இந்நோய் வருகிறது என்று எண்ணிவிடாதீர்கள். பெர்த்தியோன் அறிவாளி. அறிவாளியிடம் இந்நோய் இன்னும் வலிமை பெறுகிறது. தான் முன்னரே கொண்ட முடிவுக்குப் புதிய புதிய காரணங்களைப் படைத்துக்கொள்ளும் திறமை அவனுக்கு மிகுதி.

இதனை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு சிறு விளையாட்டு உண்டு. பீட்டர் வேசன் என்னும் ஆங்கில உளவியலறிஞர் 1960-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. "2, 4, 6 என்னும் மூன்று எண்களும் என் மனத்திலுள்ள ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள்; அவை விதிக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று நான் கூறுவேன். அதைக் கொண்டு விதியைக் கண்டுபிடியுங்கள்" என்பதே விளையாட்டு. நான் பணியிலிருந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இதனைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். "8, 10, 12" என்பான் ஒருவன். பொருந்தும் என்பேன். "20, 22, 24" என்பான் மற்றொருவன். பொருந்தும் என்பேன். உடனே பத்துக் கைகள் உயரும். "இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டு போவதுதான் விதி ஐயா!" என்று குரல்கள் எழும். அது விதியன்று. ஏறுவரிசையில் அமைந்த எந்த மூன்று எண்களும் பொருந்தும் என்பதே விதி. 1, 7, 100 என்று சொல்லியிருந்தாலும் பொருந்தும் என்றே கூறியிருப்பேன்.

ஒருமுறை, பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "6, 4, 2 பொருந்துமா, ஐயா?" என்று கேட்டாள். பொருந்தாது என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, அடுத்து "1, 2, 9" என்றாள். சிறிது நேரத்தில் விதியை அவளே கண்டுபிடித்தாள். மற்றவர்கள் 'ஆம்' என்னும் விடையைப் பெறுவதற்காகவே கேட்டார்கள். அவள் 'இல்லை' என்னும் விடை கிடைத்தாலும் கிடைக்கட்டும் என்று கேட்டாள். வேசன் சோதித்த கல்லூரி மாணவர்களிலும் பெரும்பாலோர் முதல் தடவையில் தவறான விதியையே அறிவித்தனர். நம் கருத்துக்கு ஆதரவானதைத் தேடுவது மனத்தின் இயல்பு. அதற்கு மாறானதைத் தேடுவது பயிற்சியினால் மட்டுமே வருவது.

வகுப்பறையில் இது விளையாட்டு. பாரிசு நீதிமன்றத்தில் இதன் விலை ஒரு மனிதனின் வாழ்வு. 1894 டிசம்பர் மாதத்தில் இராணுவ நீதிமன்றம் கதவை அடைத்துக்கொண்டு விசாரித்தது. டிரைபசும் அவருடைய வழக்கறிஞரும் கண்ணாலும் காணாத ஒரு மறைக் கோப்பை அதிகாரிகள் நீதிபதிகளிடம் கொடுத்தார்கள். இது சட்டத்துக்கு முற்றிலும் மாறானது. ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் குற்றவாளி என்றார்கள். 1895 ஜனவரி 5-ஆம் நாள், படைப் பள்ளியின் முற்றத்தில், அவருடைய பதவிச் சின்னங்களைப் பிய்த்தெறிந்து வாளை முறித்தார்கள். "நான் குற்றமற்றவன்" என்று அவர் கூவினார். வேலிக்கு வெளியே நின்ற கூட்டம் அவருக்குச் சாவு வேண்டும் என்று ஆர்ப்பரித்தது. பின்னர், தென்னமெரிக்கக் கரையை அடுத்த பிசாசுத் தீவு என்னும் சிறு பாறைத் தீவுக்கு அனுப்பப்பட்டார். மனைவி லூசியையும் இரு குழந்தைகளையும் பிரிந்து நான்காண்டுகளுக்கு மேல் அங்கே தனிமையில் கிடந்தார்.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் ஒருவர் இப்பொழுது வருகிறார். ஜார்ஜ் பிக்கார் என்பது அவர் பெயர். 1894 விசாரணையின்போது படைத்துறை அமைச்சருக்காக நீதிமன்றத்தில் இருந்து பார்த்தவர் அவர். தீர்ப்பு சரியானது என்றே நம்பினார். யூதர்மீது அக்காலத்தில் பரவியிருந்த வெறுப்பு அவரிடமும் இருந்ததென்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1895-இல் அவர் ஒற்றுப் பிரிவின் தலைவரானார். 1896 மார்ச்சு மாதத்தில் அதே ஜெர்மானியத் தூதரகத்திலிருந்து மற்றொரு கிழிந்த தாள் வந்தது. அதில் எஸ்தராசி என்னும் பிரெஞ்சு மேஜரின் முகவரி இருந்தது. எஸ்தராசி கடனில் மூழ்கியவர். அவருடைய கடிதங்கள் சில பிக்காரின் கைக்கு வந்தபோது, பழைய குறிப்பின் படத்தை எடுத்து அருகில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே எழுத்து!

அத்தாள்களைப் பெர்த்தியோனிடமும் காட்டினார். இவை அண்மையில் எழுதப்பட்டவை என்று சொன்னபோது, அப்படியானால் யூதர்கள் ஒருவனைப் பிடித்து இந்த எழுத்தைப் பழக்கியிருக்கிறார்கள் என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார் என்பது பிக்காரின் சாட்சியத்திலிருந்து தெரிகிறது. பிக்கார் மறைக் கோப்பைத் திறந்தார். டிரைபசுக்கு எதிரான வலுவான சான்று அதனுள் இருக்கும் என்று எதிர்பார்த்தார். அத்தகையது ஒன்றுகூட இல்லை.

இங்கே அவர் மனத்தில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். டிரைபசிடம் அவருக்கு அன்பு இல்லை. உண்மையைச் சொன்னால் பதவி போகும். சொல்லாவிட்டால் பதவி உயரும். மேலதிகாரியிடம் சென்று சொன்னார். அந்த யூதன் தீவில் கிடந்தால் உமக்கு என்ன என்று அவர் கேட்டாராம். பிக்கார் பின்வாங்கவில்லை. அதன் பயனாக, முதலில் தொலைவிலிருந்த துனீசியாவுக்கு மாற்றப்பட்டார். பின்னர் ஏறத்தாழ ஓராண்டு சிறையிலும் இருந்தார். பிடிக்காத ஒருவனுக்காகவும், தான் முன்னர் நம்பியதற்கு எதிராகவும், கண்ணெதிரே இருந்த சான்றை அவர் ஏற்றுக்கொண்டார். இதனைவிடக் கடினமான செயல் மனிதனுக்கு அதிகம் இல்லை.

அதே அலுவலகத்தில் மேஜர் ஹென்றி என்பவரும் இருந்தார். படையின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சான்று இல்லையென்றால் அதை உண்டாக்கிவிடலாம் என்று துணிந்து, 1896-ஆம் ஆண்டு இறுதியில், டிரைபசின் பெயர் வெளிப்படையாக வரும் ஒரு கடிதத்தைப் போலியாக உருவாக்கினார். இரண்டு பழைய கடிதங்களிலிருந்து துண்டுகளை எடுத்து, நடுவே தாம் எழுதியதை ஒட்டினார்.

1897-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தச் செய்திகள் வெளியே கசிந்தன. நாடு இரண்டு முகாம்களாகப் பிளந்தது. 1898 ஜனவரியில் எஸ்தராசியை விசாரித்த இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. இரண்டு நாட்கள் கழித்து, ஜனவரி 13-ஆம் நாள், நாவலாசிரியர் எமிலி ஜோலா 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்னும் தலைப்பில் குடியரசுத் தலைவருக்கு ஒரு வெளிப்படைக் கடிதத்தை 'லோரோர்' இதழில் எழுதினார். அன்று அவ்விதழ் ஏறத்தாழ 3,00,000 படிகள் அச்சாயிற்று. ஜோலாவுக்கு ஓராண்டுச் சிறையும் 3,000 பிராங்கு அபராதமும் விதித்தார்கள். அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். பல நகரங்களில் யூதருக்கு எதிராகக் கலகங்கள் மூண்டன. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜியர்சு நகரில் கடைகள் சூறையாடப்பட்டன, உயிர்ச்சேதமும் உண்டாயிற்று.

அக்காலத்தில் வானொலி இல்லை, கைப்பேசியும் இல்லை. ஆனால் 5 சாந்தீமுக்கு, அதாவது மிகச் சிறிய காசுக்கு, நாளிதழ் கிடைத்தது. டிரைபசுக்கு எதிரான 'லெ பெத்தி ஜுர்னால்' நாளொன்றுக்குப் பத்து இலட்சம் படிகள் வரை விற்றது. ஒவ்வொருவனும் தன் முகாமின் இதழை மட்டும் வாங்கினான்; அதில் தன் கருத்தே அச்சேறி வரக் கண்டு, "நான் நினைத்தது சரியே" என்று மகிழ்ந்தான். நேற்று அவ்விதழில் படித்ததையே இன்று தன் சொந்தக் கருத்தாகப் பேசினான். இந்நாளில் கைப்பேசிக் குழுக்களில் நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. கருவி மாறியிருக்கிறது, வேகம் பெருகியிருக்கிறது, மனம் அப்படியே இருக்கிறது.

நட்பும் உறவும் முறிந்தன. ஓவியர் எட்கார் தெகா, பல ஆண்டுகளாகத் தாம் விருந்துண்டு வந்த அலேவி குடும்பத்தாரோடு உறவை அறுத்துக்கொண்டார். 1898 பிப்ரவரியில் 'லெ பிகாரோ' இதழில் காரன் தாஷ் என்பவர் வரைந்த வேடிக்கைப் படம் ஒன்று இன்றளவும் புகழ் பெற்றது. முதற்படத்தில் ஒரு குடும்பம் விருந்துக்கு அமர்கிறது. டிரைபசு வழக்கைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று பெரியவர் எச்சரிக்கிறார். அடுத்த படத்தில் மேசை கவிழ்ந்து, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அடித்துக்கொள்கிறார்கள். பேசிவிட்டார்கள் என்பது பொருள்!

இப்படிப் பிளவு முற்றிய பின், எதிர்முகாம் சொல்வதற்கு மறுமொழி கூற வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. டிரைபசுக்காகப் பேசியவர் அனைவரையும் யூதப் பணக்காரர்களின் கூட்டுச்சங்கம் ஒன்று விலைக்கு வாங்கிவிட்டது என்றார்கள். அத்தகைய சங்கம் எங்கும் இருந்ததில்லை. ஆயினும் இந்தக் கதையை ஏற்றவனுக்கு எந்தச் சான்றும் சான்றாகாது. கொண்டுவருபவன் எத்துணை நேர்மையானவனோ அத்துணைப் பெரிய விலைக்கு வாங்கப்பட்டவன் என்று எண்ணிக்கொள்ளலாம் அல்லவா? எல்லாவற்றையும் ஐயுறுகிறவனே அறிவாளி என்று சிலர் எண்ணுகிறார்கள். இவர்களும் ஐயுற்றவர்கள்தாம். ஜோலாவை ஐயுற்றார்கள், பிக்காரை ஐயுற்றார்கள். தங்களுடைய சொந்த முடிவை மட்டும் ஐயுறவில்லை.

பொய் ஒரு முகாமுக்கு மட்டும் உரியது என்று நான் சொன்னால் அது நேர்மையாகாது. 1896 செப்டம்பரில், டிரைபஸ் தீவிலிருந்து தப்பிவிட்டார் என்று இலண்டன் நாளிதழ் ஒன்றில் செய்தி வந்தது. அது பொய். அதைப் பரப்ப ஏற்பாடு செய்தவர் டிரைபசின் அண்ணன் மாத்தியூ. தம்பியைப் பெரிதும் நேசித்தவர். அவனுடைய விடுதலைக்காகத் தம் வாழ்வையே செலவிட்டவர். மறந்துபோன வழக்கை மக்கள் மீண்டும் நினைக்க வேண்டும் என்பதற்காக இவ்வாறு செய்தார். பேச்சு எழுந்தது உண்மைதான். ஆனால் அச்செய்தியைக் கண்டு அஞ்சிய அமைச்சர், கைதியை இரவுதோறும் கட்டிலோடு விலங்கிட ஆணையிட்டார். ஏன் இந்தத் தண்டனை என்று தெரியாமலே, வெப்பம் மிகுந்த அந்தத் தீவில், அசைய முடியாமல் பல வாரங்கள் அவர் இரவுகளைக் கழித்தார். நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன பொய்யும் யார்மேல் போய் விழும் என்பதைச் சொல்பவன் அறியமாட்டான். "நம் பக்கத்துக்கு உதவும் செய்திதானே, பரவட்டும்" என்று விரலை அசைக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உண்மை வெளிவந்த விதமும் அறியத்தக்கது. 1898 ஜூலை 7-ஆம் நாள் படைத்துறை அமைச்சர் காவென்யாக் நாடாளுமன்றத்தில் எழுந்து, டிரைபசின் குற்றத்துக்குச் சான்றாக ஹென்றியின் கடிதத்தைப் படித்தார். அது போலி என்பது அவருக்குத் தெரியாது. அவையினர் ஆரவாரித்து, அவ்வுரையை நாட்டின் எல்லா ஊர்களிலும் ஒட்ட வேண்டும் என்று தீர்மானித்தனர். அக்கடிதம் போலி என்று எழுதிய பிக்காரைச் சிறையில் அடைத்தார்கள். சில வாரங்கள் சென்றன. அமைச்சரின் அலுவலகத்தில் பணிபுரிந்த கேப்டன் குயின்யே என்பவர் ஆகஸ்டு 13-ஆம் நாள் இரவு, விளக்கொளியில் அக்கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் மெல்லிய கட்டக் கோடுகள் இருந்தன. மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் உள்ள கோடுகள் ஒரு நிறம். நடுப்பகுதியின் கோடுகள் வேறு நிறம். இரண்டு வெவ்வேறு தாள்களின் துண்டுகள்!

குயின்யே டிரைபசுக்கு எதிரானவர். கோடுகளின் நிறத்தைப் பாராததுபோல் விட்டிருக்கலாம். அவரோ அமைச்சரிடம் சென்று அறிவித்தார். அமைச்சரும் டிரைபசுக்கு எதிரானவரே. எனினும் ஹென்றியை அழைத்து விசாரித்தார். ஆகஸ்டு 30-ஆம் நாள் ஹென்றி ஒப்புக்கொண்டார். மறுநாள், சிறையறையில் கழுத்து அறுபட்டு இறந்து கிடந்தார். தற்கொலை என்று முடிவு செய்தார்கள். எதிர்முகாமிலும் தாளைத் தாளாகப் பார்க்கும் ஒருவர் இருந்ததால்தான் வழக்கு மறுபடி திறந்தது.

இதனோடு நாடு முழுவதும் மனம் மாறியிருக்கும் என்று நீங்கள் எண்ணலாம். மாறவில்லை. காவென்யாக் பதவியிலிருந்து விலகினார். டிரைபஸ் குற்றவாளி என்னும் கருத்திலிருந்து விலகவில்லை. சார்ல் மோரா என்னும் எழுத்தாளர், ஹென்றியின் போலிக் கடிதத்தை நாட்டுப்பற்றின் செயலாகப் போற்றி எழுதினார். ஹென்றியின் மனைவிக்காக 'லா லிபர் பரோல்' திரட்டிய நிதிக்கு ஏறத்தாழ 25,000 பேர் பணம் அனுப்பினார்கள். பொய் என்று மெய்ப்பிக்கப்பட்ட பின்பும் ஏன் விடவில்லை? அந்த நம்பிக்கை சான்றினால் எழுந்ததன்று. படைமேல் கொண்ட பற்று, யூதர்மேல் கொண்ட வெறுப்பு, தன் முகாமைக் கைவிட்டால் தனித்து நிற்க நேரிடுமே என்னும் அச்சம் ஆகியவற்றின்மேல் அது நின்றது. கூரையைப் பிரித்தெறிந்தாலும் சுவர் விழாது என்பதைப் போல, சான்று போனாலும் நம்பிக்கை நின்றது.

மாறியவர்களும் இருந்தார்கள். சோசலிசத் தலைவர் ழான் ஜோரெஸ் 1894-இல், டிரைபசுக்குக் கொடுத்த தண்டனை போதாது என்று நாடாளுமன்றத்தில் பேசியவர். கிளமென்சோவும் அன்று கடுமையாகவே எழுதினார். சான்றுகளைக் கண்ட பின் இருவரும் டிரைபசின் பக்கம் நின்று போராடினார்கள். ஜோரெஸ் 1898-இல் 'சான்றுகள்' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரைத் தொடரே எழுதினார். அன்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறாய் என்று எதிரிகள் அவர்களை ஏளனம் செய்திருக்கலாம். சான்று மாறிய பின்பும் சொல்லை மாற்றாமலிருப்பதை உறுதி என்று நாம் பாராட்டுகிறோம். அப்பாராட்டினால் எத்தனையோ பேரை உண்மையிலிருந்து தடுத்துவிடுகிறோம்.

1899-இல் ரென் நகரில் மறு விசாரணை நடந்தது. அந்த இராணுவ நீதிமன்றமும், ஐவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, டிரைபசைக் குற்றவாளி என்றே கூறியது! குடியரசுத் தலைவர் மன்னிப்பளித்து விடுவித்தார். 1906 ஜூலை 12-ஆம் நாள்தான் பிரான்சின் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பை ஒழித்து, டிரைபஸ் குற்றமற்றவர் என்று அறிவித்தது. அவர் மீண்டும் படையில் சேர்ந்து, முதல் உலகப் போரில் பணியாற்றி, 1935-இல் காலமானார். 1930-இல் வெளிவந்த ஜெர்மானிய அதிகாரி ஷ்வார்ட்ஸ்கோப்பனின் நினைவுக் குறிப்புகள், மறைச் செய்திகளை விற்றவர் எஸ்தராசியே என்பதை உறுதி செய்தன. 2025 ஜூன் மாதத்தில், பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை, டிரைபசுக்குப் பிரிகேடியர் ஜெனரல் பதவி அளிக்க வேண்டும் என்று ஒருமனதாக வாக்களித்தது. அவர் இறந்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் பழகத்தக்க சில வினாக்களைத் தொகுத்துச் சொல்கிறேன். முதலாவது: இந்தச் செய்தியை எனக்குச் சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது: இதே சான்று என் எதிரியின் கூற்றுக்கு ஆதரவாக வந்திருந்தால் இதனை ஏற்றிருப்பேனா? எதிர்முகாமின் கடிதத்துக்குப் பிடிக்கும் பூதக்கண்ணாடியை என் முகாமின் கடிதத்துக்கும் பிடிக்கிறேனா? மூன்றாவது: நான் முதலில் கேட்ட வினா. எது தெரியவந்தால் இந்த நம்பிக்கையை விடுவேன்? எது வந்தாலும் விடமாட்டேன் என்று உள்ளம் சொன்னால், அந்த நம்பிக்கையைக் கொண்டு மற்றொருவனுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

இவ்வினாக்களை நண்பனிடம் கேட்டு அவனை மடக்குவதற்காகப் பயன்படுத்தாதீர்கள். அவ்வாறு செய்தால் காரன் தாஷின் விருந்துமேசைதான் மிஞ்சும். அவற்றை நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது. ஆகையால் மாற்றுக் கருத்துடைய நண்பன் ஒருவனை இழக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்குப் படாத கோடுகளின் நிறம் அவன் கண்ணுக்குப் படக்கூடும்.

இன்றிரவு பாடங்களை முடித்த பின், ஒரு தாளை எடுத்து, நீங்கள் மிக உறுதியாக நம்பும் பொதுவாழ்வுக் கருத்து ஒன்றை எழுதுங்கள். அதன் கீழே, எது தெரியவந்தால் இதனை மாற்றிக்கொள்வேன் என்பதையும் எழுதிப் பாருங்கள். இரண்டாவது வரி எளிதில் வராது. வரும் வரையில் தாளை மடித்துவிடாதீர்கள்.